ரிவ்யூ கேட்பதில் எது செய்யலாம், எது கூடாது?

புதுக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். தோல் பைகள் செய்து இணையத்தில் விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சொந்தத் தளம் இருக்கிறது, பெரிய சந்தைத் தளங்களிலும் விற்கிறோம். வாங்குகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ரிவ்யூ குறைவாக இருப்பதால்தான் விற்பனை படுத்துக்கிடக்கிறது என்று சொல்லி எங்கள் விளம்பரக்காரர் மூன்று யோசனை கொடுத்திருக்கிறார்.

முதலாவது, பார்சலுக்குள் ஒரு அட்டை: "5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், அடுத்த முறை தள்ளுபடி." அடுத்தது, வாடிக்கையாளரிடம் முதலில் "திருப்தியா?" என்று கேட்பது. ஆம் என்றால் ரிவ்யூ பக்கத்துக்கு அனுப்பிவிடுவது, இல்லை என்றால் எங்கள் புகார் படிவத்துக்குத் திருப்பிவிடுவது. கடைசியாக, தொடக்கத்துக்கு ஒரு தள்ளு கொடுக்க அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதுவது.

பங்குதாரருக்கு மூன்றும் பிடித்துவிட்டது. எனக்கு மூன்றாவது மட்டும் உறுத்துகிறது. இதற்கெல்லாம் விதி ஏதாவது இருக்கிறதா?

பழையஇரும்பு:

விதி இருக்கும். இல்லாத ஊர் எது? ஆனால் எவன் வந்து உங்கள் பார்சலைப் பிரித்து அட்டையைப் படிக்கப் போகிறான்? எல்லாரும் செய்வதுதான் தம்பி. செய்யாதவன் பத்தாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

சட்டப்பூனை:

புதுக்கடை, உங்களுக்கு உறுத்த வேண்டியது மூன்றும்தான். அதிலும் இரண்டாவதுதான் பார்க்க மிகச் சாதுவாக இருக்கும், அதனால் அதிகம் பேர் மாட்டுவதும் அதில்தான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

அட்டை விஷயம். அமெரிக்காவில் எஃப்.டி.சி. (கூட்டாட்சி வர்த்தக ஆணையம்) கொண்டுவந்த ரிவ்யூ விதி 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்லபடியாகத்தான் எழுத வேண்டும், அல்லது மோசமாகத்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பணமோ பொருளோ தள்ளுபடியோ கொடுப்பதை அது தடை செய்கிறது. "5 ஸ்டார்" என்று அச்சடிக்காமல் குறிப்பால் உணர்த்தினாலும் அதே கதைதான். "எங்கள் பையை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், தள்ளுபடி பெறுங்கள்" என்பதும் நிபந்தனைதான். தெரிந்தே மீறினால் அபராதம் ஒரு மீறலுக்கு 50,000 டாலருக்கு மேல் போகலாம். தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது, தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று காட்டினால் போதும்.

நிபந்தனை இல்லாமல், நல்லதோ கெட்டதோ எழுதினால் தள்ளுபடி என்றால்? அந்த விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் சலுகை வாங்கிக்கொண்டு எழுதியது என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். பிரிட்டனிலும் அப்படித்தான்: 2025 ஏப்ரல் 6 முதல், சலுகை பெற்று எழுதியதை மறைக்கும் ரிவ்யூ, போலி ரிவ்யூ இரண்டும் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டவை. அங்கே போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நீதிமன்றம் போகாமல் தானே அபராதம் போடலாம், உலகளாவிய விற்றுமுதலில் 10% வரை.

இதற்கு மேல் தளங்களின் சொந்த விதி. அமேசான் 2016 அக்டோபரிலேயே தன் வைன் திட்டத்தை (அமேசானே தேர்ந்தெடுத்தவர்களுக்கு இலவசமாகப் பொருள் கொடுத்து எழுத வைப்பது) தவிர, சலுகைக்கு எழுதும் ரிவ்யூவை நிறுத்திவிட்டது. கூகுளில் ரிவ்யூ எழுதவோ மாற்றவோ நீக்கவோ சலுகை தரக் கூடாது. கடைகளுக்கு ரிவ்யூ எழுதும் தளமான யெல்ப் இன்னும் ஒரு படி மேலே, ரிவ்யூ கேட்கவே வேண்டாம் என்கிறது. ஆக, சட்டம் விட்டுவைப்பதைத் தளம் விடாது. நிபந்தனையற்ற தள்ளுபடி என்பது உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் யோசிக்கக்கூடிய விஷயம், அதுவும் அப்படி வந்த ஒவ்வொரு ரிவ்யூவின் அருகிலும் "தள்ளுபடி பெற்று எழுதியது" என்ற குறிப்போடு.

மற்ற இரண்டையும் இரவு எழுதுகிறேன்.

நிரல்நரி:

இரண்டாவதுக்கு ஆங்கிலத்தில் கேட்டிங் என்று பெயர். அதைச் செய்து தரும் மென்பொருள்களை முன்பெல்லாம் "புகழ் மேலாண்மை" என்று கூவிக் கூவி விற்றார்கள். கூகுள் தன் கொள்கையில் இதைத் தெளிவாகவே தடுத்திருக்கிறது: எதிர்மறை ரிவ்யூவைத் தடுக்கவோ, நல்லது சொல்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கவோ கூடாது.

புதுக்கடை:

அதிருப்தியில் இருப்பவரை எங்கள் உதவிப் பிரிவுக்கு அனுப்புவது நல்ல சேவைதானே? அவருடைய பிரச்சினை சீக்கிரம் தீருகிறது. இதில் யாருக்கு நஷ்டம்?

சட்டப்பூனை:

நல்ல சேவைதான், ரிவ்யூ எழுதும் வழியையும் அவருக்குத் திறந்து வைத்திருந்தால். நஷ்டம் அவருக்கு இல்லை, அடுத்து வாங்க வருகிறவருக்கு. நூறு பேர் வாங்கி முப்பது பேர் முகம் சுளித்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பதோ மீதி எழுபது பேரின் குரல் மட்டும். ஒவ்வொரு ரிவ்யூவும் உண்மையாக இருந்தாலும் மொத்தத்தில் பொய். நான் பார்த்தவரை எல்லா நாட்டு விதிகளும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் இதுதான்: கடைக்காரருக்குத் தெரிந்த படமும் வாங்குகிறவருக்குக் காட்டப்படும் படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் மெரிட்டன் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. தங்கும் விடுதிகள் நடத்தும் நிறுவனம். தங்கிப்போனவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை ட்ரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்துக்குக் கொடுப்பார்கள், அது ரிவ்யூ கேட்டு எழுதும். குறை சொல்லக்கூடும் என்று தோன்றிய விருந்தினர்களின் முகவரியில் மட்டும் ஊழியர்கள் சில எழுத்துகளைச் சேர்த்துவிட்டார்கள். மின்னஞ்சல் போய்ச் சேராது, அவ்வளவுதான். ஒரு பொய் ரிவ்யூகூட எழுதவில்லை, ஒன்றைக்கூட அழிக்கவில்லை. 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் விதித்தது 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். உங்கள் விளம்பரக்காரர் சொல்வதும் இதே வேலைதான், கொஞ்சம் அழகான பொத்தானோடு.

அமெரிக்காவில் உடை விற்கும் ஃபேஷன் நோவா இன்னொன்று. தன் தளத்தில் 4, 5 ஸ்டார் ரிவ்யூ தானாக வெளியாகும், அதற்குக் கீழே உள்ளவை ஒப்புதலுக்குக் காத்திருக்கும். அந்த ஒப்புதல் வரவேயில்லை. லட்சக்கணக்கான ரிவ்யூக்கள் அப்படியே கிடந்தன என்பது எஃப்.டி.சி.யின் குற்றச்சாட்டு. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். நிரல்நரி இதை கவனிக்க வேண்டும், ரிவ்யூ செருகு நிரல்களில் (பிளகின்) "இத்தனை ஸ்டாருக்கு மேல் தானாக வெளியிடு" என்று ஓர் அமைப்பு இருக்கும்.

நிரல்நரி:

இருக்கிறது. பல பேருக்கு அது இருப்பதே தெரியாது, தளம் அமைத்துக் கொடுத்தவர் போட்டுவிட்டுப் போயிருப்பார். புதுக்கடை, இன்றைக்கே உள்ளே போய்ப் பாருங்கள். இயல்பாக எந்த வரிசையில் காட்டுகிறது என்பதையும் பாருங்கள். "உயர்ந்த ரேட்டிங் முதலில்" என்று வைத்துவிட்டு, கீழே இருப்பதைப் பார்க்க நாலு தடவை சொடுக்க வேண்டும் என்றால் அதுவும் மறைப்பது மாதிரிதான். "சமீபத்தியது முதலில்" என்று வைத்தால் தலைவலி இல்லை.

பழையஇரும்பு:

> லட்சக்கணக்கான ரிவ்யூக்கள்

பார்த்தீர்களா, எல்லாம் யானைகள். சின்னக் கடையை எந்த ஆணையம் தேடி வருகிறது? 2019இல் சண்டே ரைலி என்ற அழகுப்பொருள் கம்பெனி ஊழியர்களை வைத்தே செஃபோரா தளத்தில் போலி ரிவ்யூ எழுத வைத்தது. கண்டுபிடிக்காமல் இருக்க விபிஎன் (எங்கிருந்து எழுதுகிறோம் என்பதை மறைக்கும் இணைப்பு) போடச் சொல்லி உள்ளே மின்னஞ்சல் வேறு. கடைசியில் என்ன ஆயிற்று? இனிமேல் செய்யாதே என்றார்கள். ஒரு டாலர் அபராதம் கிடையாது. நானும் கொஞ்சம் படிப்பவன்தான்.

சட்டப்பூனை:

உண்மைதான் அண்ணே, ஆணையத்துக்கு உள்ளேயே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதிரி வழக்குகளில் முதல் தடவையே பணம் வசூலிக்க வழி இல்லாததால்தான் 2024 விதியே வந்தது. இன்றைக்கு அதே வேலையைச் செய்தால் முதல் தடவையிலேயே அபராதம் கேட்கலாம்.

வாசல்காப்பான்:

நான் சில வருடம் ஒரு தளத்தில் ரிவ்யூ சரிபார்க்கும் வேலை பார்த்தவன். எந்தத் தளம் என்பது வேண்டாம். பழையஇரும்பு கேட்டதற்கு என் பதில்: ஆணையம் வராது, தளம் வரும். அதற்கு அறிவிப்பு, விசாரணை எல்லாம் கிடையாது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ரிவ்யூ பாதி காணாமல் போயிருக்கும், நல்லவையும் சேர்த்து. கடையே முடங்கவும் செய்யும்.

அட்டை போடுகிறவர்கள் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறார்கள். வாங்கியவர்களே அந்த அட்டையைப் படம் பிடித்து ரிவ்யூவில் ஏற்றுவார்கள்! "5 ஸ்டார் கொடுத்தால் காசு தருகிறார்களாம், நம்பாதீர்கள்" என்று ஒரு ஸ்டார். போட்டிக்காரர் அதைப் பிடித்து அனுப்புவார். எங்களுக்கு வந்த புகாரில் பெரும்பங்கு இப்படித்தான்.

ஊழியர் ரிவ்யூவும் அப்படியே. ஒரே அலுவலக இணைப்பு, ஒரே வாரம், முன்பு எதுவுமே எழுதாத கணக்குகள், எல்லாம் 5 ஸ்டார், எல்லாவற்றிலும் பொருளின் முழுப்பெயர் எழுத்துப்பிழை இல்லாமல். எந்த வாடிக்கையாளர் பையின் மாடல் எண்ணை எழுதுவார்? இதைப் பிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. அதோடு, இப்போது தளங்கள் பகிரங்கமாகவே முத்திரை குத்துகின்றன. 2025 ஜனவரியில் கூகுள் பிரிட்டன் ஆணையத்துக்கு உறுதி கொடுத்தது, போலி ரிவ்யூ போட்டு உயர்த்திக்கொண்ட அந்நாட்டு நிறுவனங்களின் பக்கத்தில் எச்சரிக்கை தெரியும் என்று.

சட்டப்பூனை:

ஊழியர் விஷயத்தில் பாக்கி. கனடாவில் பெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் செயலிகளுக்கு ஊழியர்களை ரிவ்யூ எழுதத் தூண்டியதற்காக 2015இல் 12.5 லட்சம் கனடிய டாலர் கட்டியது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது: விற்பவர் தன்னை நுகர்வோர் என்று காட்டிக்கொண்டு ரிவ்யூ போடக் கூடாது. அமெரிக்க விதி மேலாளர்கள் எழுதுவதோடு நிற்கவில்லை. அவர்கள் தங்கள் ஊழியர்களிடமோ நெருங்கிய உறவினர்களிடமோ எழுதச் சொல்லிக் கேட்டு, உறவு வெளியே தெரியாமல் போனால் அதற்கும் பொறுப்பு உண்டு.

அதனால் அலுவலகத்தில் இதை வாய்மொழியாக விடாமல் நாலு வரி எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். "எங்கள் பொருளுக்கும் போட்டியாளர் பொருளுக்கும் ரிவ்யூ எழுதுவதில்லை, குடும்பத்தாரையும் எழுதச் சொல்வதில்லை" என்று. உங்களுக்காக வேலை செய்யும் விளம்பரக்காரரோடு போடும் ஒப்பந்தத்திலும் அது இருக்க வேண்டும். அவர் வெளியே காசு கொடுத்து ரிவ்யூ வாங்கி, உங்களுக்குத் தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

புதுக்கடை:

சரி, மூன்றையும் விட்டுவிடுகிறோம். பங்குதாரருக்கு இந்த இழையையே அனுப்பிவிட்டேன். அவர் கேட்கும் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது: அப்படியானால் ரிவ்யூ எப்படித்தான் சேரும்?

வாசல்காப்பான்:

எல்லோரிடமும் கேளுங்கள். இதுதான். பொருள் போய்ச் சேர்ந்து, பயன்படுத்திப் பார்க்க அவகாசம் கொடுத்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரே வாசகத்தில் ஒரு மின்னஞ்சல். திருப்பி அனுப்பியவருக்கும், புகார் கொடுத்தவருக்கும் சேர்த்து. பதில் இல்லை என்றால் ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். எந்தத் தளத்துக்குச் சுட்டி கொடுக்கிறீர்களோ அந்தத் தளத்தின் விதியை முதலில் படியுங்கள். யெல்ப் பற்றி மேலே வந்துவிட்டது, சந்தைத் தளங்களில் பெரும்பாலும் அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

பலர் கேட்பதே இல்லை. கேட்காவிட்டால் கோபத்தில் இருப்பவர் மட்டும்தான் தானாக வந்து எழுதுவார். திருப்தியாக இருப்பவருக்குப் பையை மாட்டிக்கொண்டு போக வேண்டிய வேலை இருக்கிறது.

வாசகம் இப்படி இருக்கலாம்: "நீங்கள் வாங்கிய பை எப்படி இருக்கிறது? பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் இங்கே எழுதலாம். ஏதாவது கோளாறு என்றால் எங்களுக்கு எழுதுங்கள், சரிசெய்து தருகிறோம்." இரண்டு சுட்டியும் ஒரே மின்னஞ்சலில், எல்லோருக்கும். புகார் படிவத்தைக் காட்டுவதில் தவறே இல்லை, அதைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் தவறு.

நிரல்நரி:

சொந்தத் தளத்தில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், ரிவ்யூ காட்டும் வணிகர் அவை உண்மையில் வாங்கியவர்களுடையதா என்று சரிபார்க்கிறாரா, எப்படிச் சரிபார்க்கிறார் என்று சொல்லியாக வேண்டும். சரிபார்க்காமல் "வாங்கியவர் எழுதியது" என்று பச்சை டிக் போட்டால் அது தனிக் குற்றம். ஐரோப்பிய ஆணையம் 223 தளங்களைச் சோதித்து 2022 ஜனவரியில் முடிவு வெளியிட்டது. அதில் 144 தளங்களில், ரிவ்யூ உண்மையானதா என்று பார்க்கப் போதுமானதைச் செய்கிறார்கள் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் தளங்களில் ரிவ்யூ பகுதியின் தலைப்புக்குக் கீழேயே சின்னதாக ஒரு சுட்டி வைத்துவிடுவேன். உள்ளே: ஆர்டர் எண்ணோடு பொருந்தும் சுட்டியில் இருந்து வந்தால் மட்டும் குறி போடுகிறோம், எல்லா ஸ்டாரும் வெளியாகும், இன்ன காரணங்களுக்காக மட்டும் நீக்குவோம், சராசரி இப்படிக் கணக்கிடப்படுகிறது. ஒரு பக்கம்கூட வராது. ஆனால் எழுதியதைச் செய்ய வேண்டும், அங்கேதான் சிக்கல். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் கொண்டுவந்த ஐஎஸ் 19000 இதற்கு நல்ல மாதிரி. வெளியானபோது விருப்பத் தரமாகத்தான் வந்தது. எழுதுகிறவரை மின்னஞ்சல், குறுஞ்செய்தி வழியாக உறுதிசெய்வது, வடிகட்டுவது, வெளியிட்டபின் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறது.

பழையஇரும்பு:

நீக்கலாம் என்கிறீர்களே, எதை நீக்கலாம்? கெட்ட வார்த்தையில் திட்டுகிறான், அதையும் மாலை போட்டு வைக்க வேண்டுமா?

சட்டப்பூனை:

வேண்டாம். ஆபாசம், மிரட்டல், தனிப்பட்ட தகவல், சாதி மத இன வசை, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாதது, போலி என்று நம்பக் காரணம் இருப்பது, இவற்றை உங்கள் தளத்தில் இருந்து எடுக்கலாம். அளவுகோல் 5 ஸ்டாருக்கும் 1 ஸ்டாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "சூப்பர்டா ம..." என்று கெட்ட வார்த்தை 5 ஸ்டாரோடு வந்தால் அதையும் எடுங்கள்.

"பை நன்றாக இருக்கிறது, டெலிவரி மோசம்" என்று ஒரு ஸ்டார் வரும். பொருளைப் பற்றி இல்லையே என்று தூக்கத் தோன்றும். அமெரிக்க வழிகாட்டுதலில் அது எடுபடாது. டெலிவரி, திருப்பி எடுத்தல், வாடிக்கையாளர் சேவை எல்லாம் சம்பந்தப்பட்டவைதான்.

எடுப்பதைவிட மோசமானது திருத்துவது. ஆஸ்திரேலியாவில் மருத்துவர்களிடம் நேரம் பதிவு செய்து தரும் ஹெல்த்இஞ்சின் சுமார் 17,000 ரிவ்யூக்களை வெளியிடவில்லை. சுமார் 3,000 ரிவ்யூக்களில் கை வைத்து, எதிர்மறையான பகுதியை வெட்டியோ வேறுவிதமாக மாற்றியோ போட்டது. 2020இல் 29 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம், நோயாளிகளின் விவரத்தைக் கைமாற்றியதும் அதில் சேர்த்தி. எழுத்துப்பிழைகூடத் திருத்தாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

புதுக்கடை:

இன்னும் இரண்டு சந்தேகம். பழைய மாடலுக்கு நிறைய நல்ல ரிவ்யூ இருக்கிறது. புது மாடலை அதே பக்கத்தில் ஏற்றினால் அவை அப்படியே வருமே? அப்புறம், வாட்ஸப்பில் வரும் பாராட்டுகளை ரிவ்யூவாகப் போடலாமா? எங்களுக்கு நல்லது எல்லாம் வருவது அங்கேதான்.

வாசல்காப்பான்:

நிறம் மாறினால் ஒரே பக்கம் சரி. தோல், அளவு, தையல் மாறிவிட்டால் அது வேறு பொருள், வேறு பக்கம். அமேசானில் புதுப் பொருள்களை நன்றாக விற்கும் பொருளின் "வகைகள்" என்று சேர்த்து ரிவ்யூவை இழுத்துக்கொண்ட பவுண்டிஃபுல் என்ற ஊட்டச்சத்து நிறுவனம் 2023இல் 6 லட்சம் டாலர் கட்டியது. மேலே சொன்ன அமெரிக்க விதியில் இதைத் தடுக்கும் பிரிவு கடைசியில் சேர்க்கப்படவில்லை, ஆனால் ஏமாற்று வணிகம் என்ற பழைய சட்டத்தில் பிடிக்கலாம். பவுண்டிஃபுல்லைப் பிடித்ததும் அதில்தான்.

சட்டப்பூனை:

வாட்ஸப் பாராட்டை அவர் அனுமதி வாங்கி, "வாடிக்கையாளர் எங்களுக்கு அனுப்பியது" என்று தனிப் பகுதியில் போடுங்கள். பெயர், படம், எண் தெரியக் கூடாது என்றால் மறையுங்கள். ஸ்டாராக மாற்றிச் சராசரியில் சேர்க்காதீர்கள், அவர் ஸ்டார் போடவே இல்லை. நீங்களே அவர் பெயரில் ரிவ்யூ பகுதியில் தட்டச்சு செய்வதும் கூடாது.

செயற்கை நுண்ணறிவும் இப்படித்தான். வாங்கியவர் தன் அனுபவத்தை அதில் கொடுத்து மொழியைச் சரிசெய்துகொண்டால் அவர் பாடு. வாங்காத ஒருவர் வாங்கியதுபோல் அது எழுதித் தந்தால் போலி, அமெரிக்க விதியின் தடையில் இதுவும் அடங்கும்.

பழையஇரும்பு:

சரி, நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்காரன் ஆள் வைத்து எனக்கு ஒரு ஸ்டார் போடுகிறானே, அதற்கு உங்கள் விதியில் மருந்து உண்டா?

வாசல்காப்பான்:

உண்டு, மெதுவாக வேலை செய்யும். போட்டியாளரைத் தாழ்த்தக் காசு கொடுத்து எழுத வைப்பதும் அதே விதியில் தடைதான். ஆனால் "இது போட்டியாளர் வேலை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் நாங்கள் மூடிவிடுவோம். தேதிவாரியாகக் கொடுங்கள்: இந்த மூன்று நாளில் இத்தனை வந்தன, இந்தக் கணக்குகள் எல்லாம் அதே இன்னொரு கடைக்கு 5 ஸ்டார் போட்டிருக்கின்றன, நாங்கள் விற்காத பொருளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி புகார் வந்தால் உட்கார்ந்து பார்ப்போம். ஆர்டர் பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும் போதாது. பரிசாக வாங்கிக் கொடுத்தவர் பெயரில் ஆர்டர் இருக்கும், எழுதுகிறவர் வேறு.

பொதுவில் பதில் எழுதும்போது குற்றம் சாட்டாதீர்கள். "உங்கள் ஆர்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எண்ணோடு எங்களுக்கு எழுதுங்கள்" என்பது போதும். அடுத்தவர் படிப்பது உங்கள் தொனியைத்தான்.

சட்டப்பூனை:

பதிலில் அவருடைய விவரத்தைக் கொட்டிவிடவும் கூடாது. முகவரி, என்ன வாங்கினார், எத்தனை தடவை திருப்பி அனுப்பினார் என்று வரிசைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவ நிலையம் யெல்ப்பில் நோயாளிக்குப் பதில் எழுதும்போது சிகிச்சை விவரத்தைச் சொல்லி 2019இல் 10,000 டாலர் கட்டியது.

வழக்கு போடுவேன் என்று ஆதாரமில்லாமல் மிரட்டி நீக்க வைப்பதும் விதிமீறலில் வரும். விற்பனை நிபந்தனையில் "எதிர்மறையாக எழுத மாட்டேன்" என்று ஒரு வரி நுழைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2016 சட்டப்படி அந்த வரி செல்லாது, வைத்ததே தவறு.

நிரல்நரி:

புதுக்கடை, நீக்கிய ரிவ்யூவை ஒரேயடியாக அழித்துவிடாதீர்கள். தேதி, காரணம், யார் முடிவெடுத்தார் என்ற மூன்றையும் ஒரு விரிதாளில் போட்டு வையுங்கள். கேள்வி வந்தால் காட்ட வேறெதுவும் இருக்காது.

புதுக்கடை:

போட்டாயிற்று. செருகு நிரலில் போய்ப் பார்த்தேன், "3க்குக் கீழே ஒப்புதலுக்கு வை" என்றுதான் இருந்தது. பன்னிரண்டு ரிவ்யூ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன. திட்டு எதுவும் இல்லை, ஏழு பேர் ஒரே ஜிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டேன். ஜிப் கொடுப்பவரிடம் நாளைக்குப் பேசுகிறேன்.

பழையஇரும்பு:

ஜிப்பை மாற்றின பிறகு அந்த ஏழு பேருக்கும் புது ஜிப் அனுப்பலாமா, அதுவும் லஞ்சம் என்பீர்களா?

சட்டப்பூனை:

தாராளமாக அனுப்புங்கள். ரிவ்யூ எழுதாமல் ஜிப் உடைந்தவர்களுக்கும் சேர்த்து. ரிவ்யூவை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை அந்தப் பார்சலில் இருக்கக் கூடாது.